“மாதம் இருமுறை சந்திக்கலாம்”: ஒரு கஸ்டடி உத்தரவு ஏன் நிற்கவில்லை?

“தந்தை மகளையும் தாய் மகனையும் மாதம் இருமுறை, இருவருக்கும் வசதியான நேரத்தில் சந்திக்கலாம்.” இடைக்கால உத்தரவில் குழந்தைகளைச் சந்திப்பது பற்றி இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறே சந்திப்புகளில் அது உடைந்தது. எங்கே உடைந்தது, அதற்குப் பதிலாக என்ன எழுதியபோது ஏற்பாடு நின்றது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

இதில் வரும் குடும்பம் உண்மையான ஒரு குடும்பம் அல்ல. தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களில் அடிக்கடி எழும் சிக்கல்களைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. சுட்டப்படும் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உண்மையானவை.

நிகழ்வு

பெற்றோர் இந்து திருமணச் சட்டப்படி மணந்தவர்கள். பத்தாண்டுகள் சென்னையில் குடித்தனம். மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. மகளுக்கு 4 வயது 2 மாதம். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு திருச்சியில் உள்ள தாய்வீட்டுக்குப் போன தாய் திரும்பி வரவில்லை. பள்ளி திறக்கும் வாரத்தில் தந்தை திருச்சிக்குப் போய் மகனை மட்டும் அழைத்து வந்துவிட்டார். அண்ணன் சென்னையில், தங்கை திருச்சியில் என்றானது. இடையில் 330 கிலோமீட்டர்.

இருவரும் அவரவர் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போனார்கள். புகாருக்கு ரசீது கிடைத்தது, அவ்வளவுதான். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாதவரை, பெற்ற தாயிடமோ தந்தையிடமோ இருக்கும் குழந்தையைப் போலீஸ் பிடுங்கிக் கொடுக்க முடியாது. தந்தைக்கு, மகளை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடும் எண்ணமும் இருந்தது. அந்த மனு நிற்க வேண்டுமானால் குழந்தை சட்டவிரோதமாகவோ எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரிடமோ இருக்கிறது என்று காட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2019இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தாயிடம் இருக்கும் நாலு வயது மகளுக்கு அது பொருந்தாது என்று வக்கீல் தடுத்தது சரியான ஆலோசனை.

ஐந்து வயது பற்றிய தப்புக் கணக்கு

தந்தை தரப்பு மனதில் ஒரு கணக்கு ஓடியது. இன்னும் பத்து மாதத்தில் மகளுக்கு ஐந்து முடியும், பிறகு சட்டப்படி குழந்தை தன்னிடம் வந்துவிடும் என்பதே அது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6(அ) பிரிவைப் பாதி படித்தால் இப்படித்தான் தோன்றும். இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஐந்து முடிந்ததும் இடம் மாற வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனே தலையாயது என்று எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது.

“அவருக்குப் பின்” என்ற சொற்களின் பலமும் 1999இல் குறைந்துவிட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்கக் காப்பாளராகக் கையெழுத்திட்டதை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்ததில் தொடங்கிய வழக்கு அது. தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது.

காப்பாளர் பொறுப்பும் கஸ்டடியும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். குழந்தையின் சொத்து, கையெழுத்து, பெரிய முடிவுகள் காப்பாளர் சார்ந்தவை. குழந்தை யார் வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்குப் போகிறது என்பது கஸ்டடி. கஸ்டடி தாய்க்குப் போனாலும் தந்தை காப்பாளராகவே தொடரலாம். கோபத்தில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சண்டையில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மற்ற மதத்தினருக்கு நுழைவாயில் வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, இஸ்லாமியர்களுக்கு ஹிஸானத் (சிறு குழந்தையைத் தாய் வைத்து வளர்க்கும் உரிமை) மரபு. எந்த வாசலில் நுழைந்தாலும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம் எல்லோருக்கும் பொது. குழந்தை நலன் என்ற அளவுகோலும் பொதுதான்.

இரண்டு ஊர், இரண்டு மனு

தந்தை சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் 1890 சட்டத்தின்படி மனு (வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்) போட்டார். அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம். குழந்தைகள் பிறந்ததிலிருந்து சென்னையில்தான் இருந்தார்கள், இரண்டு மாதம் தாத்தா வீட்டில் இருந்ததால் வசிப்பிடம் மாறிவிடாது என்பது அவர் வாதம். வலுவான வாதம்தான். சாதாரண வசிப்பிடம் எது என்பது உண்மைகளை வைத்துத் தீர்மானிக்க வேண்டியது என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

தாய் வேறு வழியில் வந்தார். திருச்சியில் விவாகரத்து மனு போட்டார். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே இந்து திருமணச் சட்டப்படி மனு போடலாம். அந்த மனுவுக்குள்ளேயே 26ஆம் பிரிவின் கீழ் கஸ்டடி கேட்டு இடைக்கால மனு. அதாவது, ஒரே குழந்தைகளைப் பற்றி இரண்டு ஊரில் இரண்டு வழக்கு.

இந்த நிலையில் காலம் வீணாவது வழக்கம். இரு தரப்பும் ஆளுக்கொரு நீதிமன்றத்தில் வாய்தா வாங்குவார்கள். முரண்பட்ட இடைக்கால உத்தரவு வந்துவிடுமோ என்று இரண்டு நீதிமன்றங்களும் தயங்கும். தாய் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சென்னை வழக்கைத் திருச்சிக்கு மாற்றக் கேட்டார். கைக்குழந்தையோ சிறு குழந்தையோ வைத்திருக்கும் மனைவியின் சிரமத்துக்கு இத்தகைய மனுக்களில் அதிக எடை கிடைக்கும். மாற்றம் கிடைத்தது. ஆனால் அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது, அந்த நான்கு மாதமும் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த நான்கு மாதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கஸ்டடி வழக்கில் காலமே ஒரு சாட்சி. மகள் திருச்சியில் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டாள். மகன் சென்னையில் காலாண்டுத் தேர்வு எழுதிவிட்டான். இருக்கும் நிலையைக் கலைக்க எந்த நீதிபதியும் யோசிப்பார். ஆகவே மனு போட்ட முதல் நாளே, கஸ்டடி முடிவாகும்வரை குழந்தைகளைச் சந்திக்கவும் பேசவும் தனி இடைக்கால மனு போட்டிருக்க வேண்டும். 1890 சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்கே இருக்கிறது. அதைப் போடாமல் அதிகார வரம்பில் ஜெயிப்பதிலேயே இரு தரப்பும் மும்முரமாக இருந்தன.

முதல் உத்தரவும் ஆறு சந்திப்புகளும்

நீதிபதி மகனைத் தம் அறையில் தனியாகப் பார்த்துப் பேசினார். புத்திசாலித்தனமாக விருப்பம் சொல்லும் வயது என்றால் அதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 17(3) பிரிவு. எத்தனை வயது என்று அது சொல்லவில்லை. குழந்தை சொன்னதே தீர்ப்பும் ஆகாது. மகன் சொன்னவை இரண்டு: பள்ளியை விட்டு வரமாட்டேன், தங்கச்சி வேணும்.

கல்வியாண்டு முடியும்வரை மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. கூடவே அந்த ஒற்றை வாக்கியம். பிறகு நடந்தது இது.

முதல் மாதம் எந்தச் சனிக்கிழமை என்பதிலேயே சண்டை. “வசதியான நேரம்” என்றால் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள முடியாமல்தானே நீதிமன்றத்துக்கு வந்தார்கள்? ஒருவர் மௌனமாக இருந்தாலே சந்திப்பு ரத்து. இரண்டாவது சந்திப்பு தாய்வீட்டு ஹாலில் நடந்தது. தாத்தா செய்தித்தாளை விரித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தந்தை நாற்பது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். மூன்றாவது சந்திப்பன்று மகளுக்குக் காய்ச்சல். ரயிலேறி வந்து இறங்கிய பிறகுதான் தந்தைக்குத் தெரிந்தது. நான்காவதுக்குத் தந்தை தன் அம்மாவையும் அக்காவையும் கூட்டிவந்தார். “உத்தரவில் உங்கள் பெயர்தான் இருக்கு” என்று வாசலிலேயே அவர்களை நிறுத்திவிட்டார்கள். சென்னையில் தாய் மகனைப் பார்க்கப் போனபோது அவன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போயிருந்தான். ஆறாவது முறை யாருமே வரவில்லை.

இரு தரப்பும் ஒருவர்மேல் ஒருவர் உத்தரவை மீறியதாக மனு போட்டன. இரண்டு மனுவுமே நிற்கவில்லை. எந்த நாள், எந்த மணி, எந்த இடம் என்று உத்தரவில் இல்லாதபோது மீறியது எதை என்று காட்டுவது? நிறைவேற்ற முடியாத உத்தரவை மீறவும் முடியாது. நல்ல எண்ணத்தில் நெகிழ்வாக எழுதிய வாசகம், ஒத்துழைக்க மனமில்லாதவர் கையில் மறுக்கும் அதிகாரமாக மாறிவிட்டது.

இங்கே இரு தரப்பு வக்கீல்களுக்கும் பங்கு உண்டு. யாருக்குக் கஸ்டடி என்று பக்கம் பக்கமாக வாதாடிவிட்டு, கடைசியில் “பொருத்தமான சந்திப்பு உரிமை வழங்கலாம்” என்று ஒரே வரியில் முடித்தார்கள். எழுதித் தராத அட்டவணையை நீதிமன்றம் எங்கிருந்து எடுக்கும்? சந்திப்பு கேட்கும் ஒவ்வொரு மனுவோடும் நாள், நேரம், இடம் போட்ட வரைவு அட்டவணை ஒன்றை இணைப்பாகக் கொடுப்பது நல்லது. பல நேரம் அதுவே சிறு திருத்தங்களோடு உத்தரவாகும்.

இடைக்கால உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு போகலாமா என்றும் தந்தை கேட்டார். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடைக்கால உத்தரவுகளுக்கு மேல்முறையீடு தரவில்லை. இறுதித் தீர்ப்புக்குத்தான் 30 நாள் அவகாசத்தோடு மேல்முறையீடு. இடையில் அரசமைப்பின் 227ஆம் உறுப்பின் கீழ் சீராய்வு மட்டுமே. அந்த வழியில் போயிருந்தால் இன்னொரு கல்வியாண்டு போயிருக்கும்.

சமரச மேசையில்

நீதிமன்றம் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களை நாட்டுக்கே முன்னோடியாக 2005இல் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றம். அங்கே பேசுவது எதையும் பிறகு வழக்கில் சாட்சியமாக்க முடியாது என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிட்டால் இறுக்கம் பாதி குறையும்.

சமரசர் செய்த முதல் வேலை, கஸ்டடி என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு இருவரிடமும் ஒரு வெற்று ஆண்டு நாட்காட்டியைக் கொடுத்தது. பள்ளி நாட்கள், காலாண்டு, அரையாண்டு, மே விடுமுறை, பொங்கல், தீபாவளி, தந்தையின் ஷிஃப்ட் மாற்றம், தாயின் வேலைநேரம் எல்லாவற்றையும் அதில் குறிக்கச் சொன்னார். குறித்து முடித்தபோது ஒரு விஷயம் தானாக வெளியே வந்தது. தந்தைக்கு மாதத்தில் பத்து நாள் இரவு ஷிஃப்ட்; அந்த இரவுகளில் மகன் எழுபது வயதுப் பாட்டியோடு இருந்தான். வாதத்தில் ஒருமுறைகூடச் சொல்லப்படாத தகவல் இது. குற்றச்சாட்டாக வந்திருந்தால் தந்தை மறுத்திருப்பார். தன் கையால் குறித்ததை எப்படி மறுப்பார்?

மகன் நான்காம் வகுப்பைச் சென்னையில் முடிப்பது, ஜூனில் திருச்சிக்கு வந்து தங்கையோடு சேர்வது என்று முடிவானது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் இருப்பதற்கு நீதிமன்றங்களும் பெரும் மதிப்புக் கொடுப்பவை. பதிலுக்குத் தந்தைக்கு வெறும் சந்திப்பு உரிமையாக இல்லாமல், எண்ணிக்கை போட்ட இரவுகளும் முடிவெடுப்பதில் பங்கும் கிடைத்தன. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில் கூட்டுக் கஸ்டடியைப் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. ஆனால் பெற்றோர் சம்மதித்தால் அதன் சாரத்தை உடன்படிக்கைக்குள் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை.

எழுதிய வாசகம்

உடன்படிக்கையின் உயிர் வார இறுதி ஷரத்தில் இருந்தது. “இரண்டாவது, நான்காவது வார இறுதி” என்றுதான் முதலில் எழுதினார்கள். ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் மாதத்தை எடுத்துப் பாருங்கள்: நான்காவது ஞாயிறு 22, நான்காவது சனி 28. எது வார இறுதி? ஆகவே “நான்காவது சனிக்கிழமையும் அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையும்” என்று மாற்றினார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை தந்தை திருச்சிக்கு வருவார். காலை 10 மணிக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, அங்கே உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்கி, ஞாயிறு மாலை 5 மணிக்குத் திரும்ப ஒப்படைப்பார். நான்காவது சனிக்கு முந்தைய வெள்ளி மாலை 6 மணிக்கு அழைத்துச் சென்னைக்குக் கூட்டிப்போய், ஞாயிறு இரவு 8 மணிக்குத் திருச்சியில் விடுவார். மாதம் இருமுறையும் குழந்தைகளைச் சென்னைக்கு இழுத்தடித்தால் திங்கட்கிழமை வகுப்பில் தூங்கிவிழுவார்கள். பயணத்தில் பாதியைப் பெரியவர் சுமக்கும் ஏற்பாடு அதனால்தான்.

மே 1 காலை 10 முதல் மே 21 காலை 10 வரை தந்தையிடம். காலாண்டு விடுமுறையில் 3 இரவு, அரையாண்டில் 4 இரவு. கணக்கைப் பாருங்கள்: மே தவிர்த்த 11 மாதங்களுக்கு மாதம் 3 இரவு வீதம் 33, மே மாதம் 20, மற்ற விடுமுறைகளில் 7, ஆக 60. ஆனால் செப்டம்பரிலும் டிசம்பரிலும் நான்காவது வார இறுதி விடுமுறைக்குள் விழுந்தால் இரண்டிரண்டு இரவு கரைந்து 56 ஆகிவிடும். இந்த மோதலுக்கு வாசகம் இல்லையென்றால் ஒவ்வொரு டிசம்பரும் ஒரு பஞ்சாயத்து. “விடுமுறை அட்டவணை வார இறுதி அட்டவணைக்கு மேற்பட்டது, கரையும் இரவுகளுக்கு ஈடு கிடையாது” என்று எழுதினார்கள். ஈடு உண்டு என்று எழுதியிருந்தாலும் தவறில்லை. ஏதாவது ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரட்டைப்படை ஆண்டில் தீபாவளி தந்தையோடு, பொங்கல் தாயோடு. ஒற்றைப்படை ஆண்டில் மாற்றி. பண்டிகை நாளைப் பாதியாக வெட்டிக் காலை இங்கே, மாலை அங்கே என்பது ஒரே ஊரில் இருப்பவர்களுக்குச் சரிப்படலாம். 330 கிலோமீட்டருக்குச் சரிப்படாது.

மகளுக்கு மட்டும் தனிப் படிக்கட்டு. பத்து மாதமாகத் தந்தையோடு ஒரு இரவும் தங்காத குழந்தையை நேரே மே மாதத்தில் இருபது இரவுக்கு அனுப்பினால், மூன்றாம் நாளே அழுது ஊரைக் கூட்டி ஏற்பாடு முழுதும் கவிழ்ந்துவிடும். பிப்ரவரியிலிருந்து முதல் இரண்டு மாதம் பகல் மட்டும், ஏப்ரலில் அண்ணனோடு சேர்ந்து ஒரு இரவு. முதல் மே விடுமுறையில் மட்டும் அவளுக்கு ஏழு ஏழு இரவாக இரண்டு தவணை, நடுவே நான்கு நாள் தாயிடம். அடுத்த ஆண்டிலிருந்து முழு அட்டவணை.

ஒப்படைக்கும் இடம் தாயின் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில். உள்ளே வர வேண்டியதில்லை. 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ரயில் தாமதமென்றால் ரயில் நிலவரத் திரைப்பிடிப்பை அனுப்பினால் போதும், 2 மணி நேரம் வரை நீட்டிப்பு உண்டு. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் தகவல், மறுநாளுக்குள் மருத்துவர் சீட்டு, 30 நாளுக்குள் ஈடு சந்திப்பு. சாதாரணச் சளிக்குச் சந்திப்பு ரத்தாகாது. மருந்தையும் அளவையும் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யார் வேண்டுமானாலும் கூட இருக்கலாம். ஒப்படைக்கும் நேரத்தில் மட்டும் பெற்றோர் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது.

வீடியோ அழைப்புக்கு 2020 ஜனவரி தீர்ப்பு கைகொடுத்தது. கஸ்டடி இல்லாத பெற்றோருக்கு, சிறப்புக் காரணம் இருந்தாலொழிய, தினம் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. இரவு 7.30க்குத் தந்தை கூப்பிடுவார். போனைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பது தாயின் பொறுப்பு. நாலு வயதுக் குழந்தை மூன்று நிமிடத்தில் ஓடிவிட்டால் அது மீறல் அல்ல என்றும் எழுதினார்கள். இதையெல்லாமா எழுதுவது என்று சிரிப்பு வரும். எழுதாத இடங்களில்தான் சண்டை வந்தது.

பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை, மதச் சடங்கு ஆகிய மூன்றுக்கும் இருவர் சம்மதம் வேண்டும். தகவல் கொடுத்து 10 நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று கொள்ளப்படும். அவசர சிகிச்சைக்கு அருகில் இருப்பவர் முடிவு. மதிப்பெண் அட்டையையும் தடுப்பூசி அட்டையையும் பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் தந்தை நேரடியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

பணம் தனி, பார்ப்பது தனி

“பணம் கட்டலையா, பிள்ளையைப் பார்க்காதே”, “பிள்ளையைக் காட்டலையா, பணம் கிடையாது.” இரண்டும் சட்டத்தில் செல்லாது, இரண்டும் தினமும் நடக்கும். பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை. தந்தையைப் பார்ப்பதும் குழந்தையின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது என்று தனி ஷரத்தே போட்டார்கள்.

தொகையை முடிவு செய்ய 2020 நவம்பர் தீர்ப்பு கட்டாயமாக்கிய சொத்து, கடன், வருமான உறுதிமொழிப் பத்திரத்தை இருவரும் தாக்கல் செய்திருந்தார்கள். குழந்தைகளைப் பராமரிக்கும் கடமை தாய், தந்தை இருவருக்குமே உண்டு. பங்கு வருமானத்தைப் பொறுத்தது. பள்ளிக் கட்டணத்தைத் தந்தை பள்ளிக்கே நேரடியாகக் கட்டுவது, மாதச் செலவுக்குத் தனித் தொகை 5ஆம் தேதிக்குள் வங்கிக்கு, பயணச் செலவு முழுதும் தந்தையுடையது என்று பிரித்தார்கள். மாதத் தொகை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும் என்பதையும் அப்போதே எழுதிவிட்டதால், உயர்வு கேட்டு மனுவோடு அலைய வேண்டியதில்லை.

மகன் வரமாட்டேன் என்றபோது

ஏற்பாடு ஓராண்டு ஓடிய பிறகு, ஒரு நான்காவது வெள்ளியன்று மகன் சென்னைக்கு வரமாட்டேன் என்றான். தாய் தூண்டிவிடுகிறார் என்று தந்தை உடனே முடிவு கட்டினார். குழந்தை மனதில் ஒரு பெற்றோருக்கு எதிராக நஞ்சு ஏற்றுவதன் விளைவுகளை 2017இல் உச்ச நீதிமன்றம் விவாதித்திருக்கிறது. அப்போதிலிருந்து அந்தக் குற்றச்சாட்டு மனுக்களில் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் பத்து வயதுக்கு மேல் போக மறுப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: பயம், யாருக்கும் துரோகம் செய்துவிடக் கூடாதே என்ற தவிப்பு, அல்லது வெறும் சலிப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு. பயம் என்றால் சந்திப்பை மேற்பார்வையோடு நடத்த வேண்டும். தவிப்பு என்றால் அழைத்துப்போகும் நேரத்தில் தாய் வாயால் “போயிட்டு வா” என்று சொல்வதே பாதி தீர்வு.

இங்கே காரணம் சனிக்கிழமைக் கிரிக்கெட் போட்டி. நீதிமன்றம் நியமித்த ஆலோசகர் இரண்டு அமர்வில் அதைக் கண்டுபிடித்தார். போட்டி இருக்கும் மாதங்களில் இரண்டு சந்திப்பும் திருச்சியிலேயே என்று சேர்த்தார்கள்.

அதற்குள் தந்தை ஒரு காரியம் செய்திருந்தார். “அம்மா என்ன சொன்னாங்க?” என்று மகனிடம் கேள்வி கேட்டு, அவன் பதிலைப் பதிவு செய்து வைத்திருந்தார். கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவுசெய்த தங்கள் உரையாடலும் திருமண வழக்கில் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் இதற்கும் நீட்டிப் புரிந்துகொண்டார். ஏற்கத்தக்கதா என்பது ஒரு கேள்வி. கேட்கும் நீதிபதிக்கு என்ன தோன்றும் என்பது இன்னொன்று. குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய பெற்றோர் என்றுதான் தோன்றும். பதிவு தாக்கலாகாமல் வக்கீல் பார்த்துக்கொண்டார்.

ஒருவர் உண்மையாகவே மீறினால் வழி என்ன? தேதி, நேரம், இடம் இருப்பதால் இப்போது நிறைவேற்று மனு போட முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை, 32ஆம் விதிப்படி சொத்து ஜப்தியோ சிவில் சிறையோ வரைக்கும் போகலாம். நடைமுறையில் நீதிமன்றங்கள் முதலில் கண்டிக்கும், பிறகு தவறிய நாட்களுக்கு ஈடு கொடுக்கும், பிறகு சந்திப்பை நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றும். போலீஸை வைத்துக் குழந்தையை இழுத்து வருவது கடைசி வழியாகவே இருக்கட்டும். அதன் பிறகு அந்தக் குழந்தை அந்தப் பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசுவது கடினம்.

ஊர் மாறினால்

கஸ்டடி உத்தரவு ஒருபோதும் இறுதியானது அல்ல. நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது இது. சம்மத உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் மாற்றக் கேட்க அது தடையல்ல. மூன்றாம் ஆண்டில் தாய்க்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. உடன்படிக்கையில் 90 நாள் முன்னறிவிப்பு என்றிருந்தது. தடுக்க முடியுமா என்று தந்தை விசாரித்தார். 2010இல் மகனை ஆஸ்திரேலியாவுக்கே அழைத்துப்போகத் தாய்க்கு அனுமதி கொடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வேலைக்காகத் தாய் இடம் மாறுவதை நீதிமன்றம் குற்றமாகப் பார்க்காது, தந்தையின் நேரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் பார்க்கும். வார இறுதி இரவுகளைக் குறைத்து, மே விடுமுறையை 20இலிருந்து 28 இரவாக்கி ஒரு திருத்த மனு போட்டார்கள். கல்வியாண்டு முடிந்த பிறகே இடமாற்றம் என்பதையும் சேர்த்தார்கள்.

கடைசி ஷரத்து பாஸ்போர்ட் பற்றியது, பலர் மறந்துவிடுவது. தாயிடம் பாஸ்போர்ட் இருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மற்றவரின் எழுத்து மூலமான சம்மதம் 45 நாளுக்கு முன் வேண்டும், திரும்பும் டிக்கெட்டின் நகலோடு. குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எல்லை தாண்டிய குழந்தையைத் திரும்பக் கொண்டுவர அந்த உடன்படிக்கை தரும் வழி நமக்கில்லை என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. அதே சமயம் சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தாண்டில் காலாவதியாகும். புதுப்பிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பது புது ஆயுதமாகிவிடக் கூடாது என்று, கேட்ட 15 நாளில் கையெழுத்திட வேண்டும், தவறினால் தாய் ஒருவரே விண்ணப்பிக்க இந்த உத்தரவே நீதிமன்ற அனுமதியாகும் என்று எழுதி வைத்தார்கள்.